கண் பாப்பா

நவம்பர் 3, திங்கள்

சுண்டு, உன் நாலுகோடு நோட்டில்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. நீ ‘ஊ’ வரைக்கும் எழுதி நிறுத்தியிருக்கிறாய். மீதிப் பக்கமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. நான் ஆறாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். என் எழுத்து கோட்டுக்குள் நிற்காது. பார்த்தால் நீ சிரிப்பாய்.

இன்றிலிருந்து வேலைக்குப் போகிறேன். சின்னப் பிள்ளைக்குக் கருமாதி கிடையாதாம். காரியம் கிடையாது, படையல் கிடையாது. அதனால் நான் எத்தனை நாள் அழலாம் என்றும் யாருக்கும் தெரியவில்லை. உன் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு பேண்டேஜ் கம்பெனிக்குப் போனேன். ஜன்னல் கம்பியில் தூளி கட்டிப் போட்டேன். எட்டு மாதம் ஆகிறது அவளுக்கு. உன்னை மாதிரியே பெருவிரலைச் சூப்பிக்கொண்டு தூங்குகிறாள்.

இன்றைக்குக் கண் பேட் ஆர்டர். பஞ்சுக்கு மேலும் கீழும் காஸ் துணி வைத்து, முட்டை மாதிரி வெட்டி அடுக்க வேண்டும். என் முன்னால் குவித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேலம்மாக்கா எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன்னிடம் இருந்த கைக்கட்டுத் துணியை என் பக்கம் தள்ளினாள்.

நவம்பர் 5, புதன்

ரேஷனில் உன் பெயரை எடுக்க வேண்டும், சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். பாமாயில் வாங்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

வீடு கழுவினேன். கட்டிலுக்கு அடியிலிருந்து உன் பொம்மை வந்தது. சாத்தூர் சந்தையில் வாங்கிய ரப்பர் பொம்மை. ஒரு கண் இல்லை. அந்த ஓட்டைக்கு மேல் நீ ஒட்டிய காஸ் துணி இன்னும் அப்படியே இருக்கிறது.

ஞாபகம் இருக்கிறதா? சித்திரை மாதம் அது. நான் தாரணிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ வாசல்படியில் உட்கார்ந்து ஊக்கை வைத்து அதன் கண்ணை நோண்டி எடுத்துவிட்டாய். எதற்குடி நல்ல பொம்மையைக் கெடுத்தாய் என்று சத்தம் போட்டேன். “அது சரின்னு சொல்லிருச்சும்மா” என்றாய். பொம்மையா சரி என்று சொன்னது என்று கேட்டு நானும் சிரித்தேன். கம்பெனியில் கழிந்த துண்டு ஒன்றைக் கொடுத்தேன். அதை மடித்து, எச்சில் தொட்டு ஒட்டிப் பார்த்தாய். நிற்கவில்லை. பிறகு பிளாஸ்திரி கேட்டு வாங்கிக்கொண்டாய்.

பொம்மையைத் துடைத்துத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். வேலை முடிந்து வந்ததும் அப்பா அதைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

அப்பா வெள்ளிக் கண்மலர் வாங்கி வந்திருக்கிறார். இரண்டு கண்ணும் ஒரு மஞ்சள் துணியில் முடிந்திருந்தது. உனக்காக நேர்ந்தது. வருகிற வெள்ளிக்கிழமை இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய் உண்டியலில் போட்டுவிட்டு வந்துவிடலாம், நேர்த்தியை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறார். பிள்ளையே இல்லை, கண்மலர் எதற்கு என்று கேட்க வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று சொன்னேன். தறி பிட்டர் வேலைக்குப் போய் வருகிற ஆள் இளைத்து இளைத்துச் சட்டை தொளதொளவென்று தொங்குகிறது.

பங்குனியில் நீயும் அப்பாவும் கண் குணமாக அங்கே வயனம் என்று விரதம் இருந்தீர்களே. தாரணியைப் பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, தீட்டு என்று அவளை ஆச்சியிடம் விட்டுவிட்டு நான் தினமும் கோயில் வாசல் வரை வந்து போவேன். நீயும் அப்பாவும் மண்டபத்திலேயே தங்கினீர்கள். அம்மனுக்கு ஊற்றிய தண்ணீரை அப்பா உன் கண்ணில் தெளிப்பார். நீ கண்ணைக் கொட்டாமல் பார்ப்பாய். கெட்டிக்காரி என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

உன் இடது கண்ணில் ஒரு வெளுப்பு இருக்கிறது என்று முதலில் சொன்னது பால்வாடி டீச்சர். தை மாதம் அப்பாதான் உன்னை மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாமல் வீட்டில் இருந்தேன். சாயங்காலம் இரண்டு பேரும் வந்தீர்கள். உன் கையில் சிவப்புக் கண்ணாடி, பிளாஸ்டிக்கில். வாயெல்லாம் ஐஸ் கறை. டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார், பயப்பட ஒன்றும் இல்லை என்றார் அப்பா. பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கதை சொன்னார்.

“கனி, நாம கண்ணு பாப்பான்னு சொல்றோம்ல, நடுவுல இருக்குற கறுப்பு? டாக்டருங்க அதைப் பியூப்பில்ங்கிறாங்க. அதுவும் பாப்பாதானாம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ரோமாபுரியில பேசின பாஷையில சின்னப் பொண்ணுன்னு அர்த்தமாம், பொம்மைன்னும் சொல்வாங்களாம். அதுக்கும் முந்தி கிரேக்க நாட்டுக்காரங்களும் பொண்ணுன்னுதான் சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரியில இருக்குற ஒரு அம்மா சொன்னாங்க.”

ஏன் அப்படி என்று கேட்டேன். எதிரில் நிற்கிற ஆள் அதற்குள் குட்டியாகப் பொம்மை மாதிரி தெரிவதால் என்றார். கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி, பாஷையும் தெரியாது, ஊரும் தெரியாது, அவளும் நம்மை மாதிரியே தன் பிள்ளையின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள், அதே பெயரை வைத்திருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அன்றிலிருந்து நமக்கு அதுதான் விளையாட்டு. மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு, “உள்ள யாரு?” என்று நான் கேட்பேன். “சின்ன அம்மா” என்பாய். நானும் பார்ப்பேன். வலது கண்ணில் நான் கறுப்பாகத் தெரிவேன். இடது கண்ணில் மட்டும் பின்னால் விளக்கு வைத்த மாதிரி தெரிவேன். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன், சுண்டு.

நவம்பர் 12, புதன்

அப்பா போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். மணி அடித்தது. தாரணி முழித்துவிடுவாளே என்று எடுத்தேன்.

“முகிலா அப்பாங்களா?” என்றது ஒரு பெண்குரல். உன் பள்ளிக்கூடப் பெயரைக் கேட்டுப் பல நாள் ஆயிற்று. அம்மா பேசுகிறேன் என்றேன். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். மதுரை ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு விவரம் எடுத்துச் சொல்கிற வேலையாம். பெயர் ரெஜினா. இத்தனை நாளும் என்னிடம் பேச வேண்டும் என்று கேட்டாராம், அப்பா போனைக் கொடுக்கவே இல்லையாம். சின்னப் பிள்ளையை எப்போது கூட்டிக்கொண்டு வருகிறீர்கள், இந்தக் கண் புற்றுநோய் உடன்பிறந்தவர்களுக்கும் வரலாம், சீக்கிரம் பார்த்தால் கட்டி சின்னதாக இருக்கும்போதே சுட்டுவிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“பெரியவ எப்படி இருக்காம்மா? செயற்கைக் கண்ணு வச்சாச்சா?”

எதற்குச் செயற்கைக் கண் என்று கேட்டேன்.

“சென்னையில ஆபரேஷன் முடிஞ்சதுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே. கண்ணை எடுத்தாச்சுன்னாரே.”

நான் சொன்னேன், “பிள்ளையப் பொதைச்சாச்சும்மா.”

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு அந்த அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

கண் பாப்பா கதை சொன்னது நீங்கள்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அதை எதற்காகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். எதற்காக அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கதை ஒன்றுதான் மதுரையிலிருந்து எனக்கு வந்து சேர்ந்தது, அதனால் இருக்கலாம்.

“கண்ணை எடுத்தா உயிரு தப்பிச்சிரும், நோய் கண்ணுக்குள்ளதான் இருக்கு, வெளிய போகலன்னு டாக்டர் சொன்னாரு. உங்க வீட்டுக்காரர் எங்கிட்ட வந்து, எம் பிள்ள கண்ணு பாப்பாவ எடுக்கச் சொல்றீங்களேன்னு அழுதாரு. அப்பத்தான் சொன்னேன். எல்லாப் பாஷையிலயும் அது பாப்பாதான் அண்ணே. ஆனா அது எதிர்ல நிக்கிறவங்க நிழலு. நிழல் பாப்பாவைக் குடுங்க, மடியில இருக்குற பாப்பா நிக்கும்னு சொன்னேன். மறுவாரமே கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரும்மா.”

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து போனைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். யார் என்று கேட்டார். மதுரை என்றேன். துண்டு தலையிலேயே நின்றது.

நவம்பர் 13, வியாழன்

நேற்று நான் ஒன்றும் கேட்கவில்லை. தோசை ஊற்றினேன். அவர் சாப்பிடவில்லை. தாரணிக்கு மருந்தெண்ணெய் தேய்த்தேன். இன்று காலையில் அவரே வந்து அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றார்.

“நிறைமாசக்காரிகிட்ட எப்படிச் சொல்றது கனி? பெத்துப் பிழைக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.”

பிறகு என்று கேட்டேன்.

“பொம்பளப் பிள்ள. ஒத்தக் கண்ணோட எப்படி வாழும்? நாளைக்கு எவன் கட்டுவான்? ஊரு என்ன பேரு வைக்கும்? ஆத்தா ஒரு வழி காட்டுவான்னு நெனச்சேன்.”

ஒற்றைக் கண்ணோடு அவள் என் மாவு வாளியைத் தட்டிவிட்டிருப்பாள், பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டிருப்பாள், என்னை எதிர்த்துப் பேசியிருப்பாள் என்று சொல்ல நினைத்தேன்.

ஆடியில் உன் கண் வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது, பெரியாஸ்பத்திரி டாக்டர் “ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். சொட்டு மருந்துதானே சார் கொடுத்தாங்க, விடாமல் ஊற்றினேனே என்று நான் கும்பிட்டுச் சொன்னேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பட்டிக்காட்டுப் பொம்பளை, விவரம் இல்லாதவள் என்கிற பார்வை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொட்டு மருந்து வெறும் கண் உறுத்தலுக்குப் போடுவதாம். மெடிக்கலில் அவராகவே கேட்டு வாங்கியது. இன்று சொல்கிறார்.

சின்னவளைப் பார்க்கச் சொன்னதை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். தூளியைப் பார்த்தார். “இவளோடதையும் கேப்பாங்க” என்றார். அழுதார். நான் அழவில்லை. ஒரு மாதமாக இவர் அழும்போதெல்லாம் நானும் சேர்ந்து அழுதேன். இரண்டு பேருக்கும் ஒரே அழுகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் கேட்டேன். “கோயில்ல பிள்ளைக்கு என்ன சீக்குன்னு ஆத்தாகிட்டயாவது முழுசாச் சொன்னீங்களா, இல்ல அங்கயும் பாதிதானா?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

நவம்பர் 14, வெள்ளி

விடிந்ததும் அவர் குளித்து, வேட்டி கட்டி, மஞ்சள் முடிப்பை எடுத்து வைத்தார். இருக்கன்குடிக்குக் கிளம்பச் சொன்னார். நானும் கிளம்பினேன். தாரணிக்கு உன் பச்சைக் கவுனைப் போட்டேன், தொளதொளவென்று இருந்தது. பஸ் ஸ்டாண்டில் சாத்தூர் பஸ் வந்தது. அவர் ஏறி, இடம் போட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பிள்ளையைக் கேட்டார். கொடுக்கவில்லை. பின்னால் மதுரை பஸ் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறிவிட்டேன்.

“கனி, இவளுக்கு ஒன்னும் இருக்காது. ஆத்தா அப்படிச் செய்ய மாட்டா” என்று பின்னாலேயே ஓடி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று சொன்னார். கையில் அந்த முடிப்பு. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

“ஒன்னும் இல்லன்னா இல்லன்னு நான் என் காதால கேட்டுக்கிறேன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் சத்தமாகச் சொன்னது இது ஒன்றுதான்.

மதுரை எனக்குப் புது ஊர் மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டுக் கேட்டு நடந்தேன். கண்ணில் பேட் ஒட்டிய பெரியவர் ஒருவர் எதிரே வந்தார். அதைத்தான் முதலில் பார்த்தேன். எங்கள் கம்பெனி வெட்டா என்று கை தானாக ஓரத்தைப் பார்க்கப் போனது.

ரெஜினா அம்மா நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தாரணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை மயக்க மருந்து கொடுத்துப் பார்ப்பார்களாம். அதுவரை பக்கத்துச் சத்திரத்தில் தங்க ஏற்பாடு செய்தார். என் போன் நம்பரை எழுதிக்கொண்டார்.

நவம்பர் 15, சனி

வேலம்மாக்கா போன் செய்தாள். கம்பெனியில் சொல்லிவிட்டாளாம். “இருந்து பாத்துட்டே வா. இங்க ஒன்னும் ஓடிப் போகாது” என்றாள். அப்பா கம்பெனி வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனாராம்.

தாரணியின் கண்ணுக்குள் பார்க்கப் பயமாக இருக்கிறது. பால் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். கையெழுத்து யார் போடுகிறார்கள், அப்பா வரவில்லையா என்று கேட்டார்கள். நான் போடுகிறேன் என்றேன். மாரிக்கனி என்று நிறுத்தி எழுதினேன். எழுதுவதற்கு முன்னால், இதில் என்ன எழுதியிருக்கிறது, முழுவதும் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். தாளை நீட்டிய பெண் முகம் சுளிக்காமல் முழுவதும் படித்தாள்.

வலது கண்ணில் ஒன்றும் இல்லை. இடது கண்ணில், ஓரமாக, கடுகு அளவில் ஒன்று இருக்கிறதாம். டாக்டர் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார். கண்ணை எடுக்க வேண்டாம். ஒளியால் சுட்டுவிடலாம், மாதா மாதம் வந்து காட்ட வேண்டும், பல வருஷம் விடாமல் வர வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வேட்டி கசங்கியிருந்தது. கண்மலரை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. தாரணிக்கு என்ன என்று அவரும் கேட்கவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தார். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் அப்படியே சொன்னேன். எனக்கு மதுரையிலிருந்து பாதிதான் வந்தது, அவருக்கு நான் முழுவதும் கொடுத்தேன். பிறகு பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்தேன். அவர் அந்தக் கோடியில் இருந்தார். நடுவில் யாரோ ஒரு கிழவி வந்து உட்கார்ந்துகொண்டாள். அதுவும் நல்லதுக்குத்தான்.

சாயங்காலம் ரெஜினா அம்மா டீ வாங்கிக்கொண்டு வந்தார். அப்பா கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். அந்த அம்மா என் கையில் ஒரு தம்ளரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

“அன்னைக்கு நான் பேசினப்ப உங்க பாப்பா அவரு மடியிலதான் உக்காந்திருந்தா. கவனிச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தா. எடுத்தா வலிக்குமான்னு என்னைக் கேட்டா. தூங்க வச்சிருவோம், தெரியாது, முழிச்சதும் வெள்ளைத் துணி ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்புறம் சரின்னு சொன்னா.”

டீ ஆறிவிட்டது. குடிக்கவில்லை.

சுண்டு, வெளியே இருட்டுகிறது. தாரணி முழித்துக்கொண்டாள். முதல் தடவையாகக் குனிந்து அவள் கண்ணுக்குள் பார்த்தேன். இரண்டிலும் நான்தான் இருக்கிறேன், சின்னதாக, தலை கலைந்து. அவள் என் மூக்கைப் பிடித்து இழுக்கிறாள்.

எனக்கு அந்தச் சித்திரை மாதத்து வாசல்படிதான் திரும்பத் திரும்ப வருகிறது. வாயில் ஐஸ் கறையோடு நீ வந்து இறங்கிய சாயங்காலமும் வருகிறது. அந்த ஐஸும் சிவப்புக் கண்ணாடியும் எதற்கு வாங்கிக் கொடுத்தது என்று இப்போது தெரிகிறது. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருப்பார். நீ சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. வாயால் சொல்லவில்லை. ஊக்கை எடுத்துப் பொம்மையின் இடது கண்ணை நோண்டி, வெள்ளைத் துணி கேட்டு வாங்கி ஒட்டி, என் முன்னால் தூக்கிக் காட்டினாய். நானும் சிரித்தேனே.

“அது சரின்னு சொல்லிருச்சும்மா” என்றாயே, அன்றைக்கு என்னிடம் நீ பொம்மையைப் பற்றியா சொன்னாய், சுண்டு?